மழைக்காலத்தில் நீச்சல் குளத்தைக் காலி செய்யாதீர்கள்

கேள்வி: கிழக்குக் கடற்கரைச் சாலையில் அக்கரை பக்கம் எங்கள் வீடு. பின்பக்கத் தோட்டத்தில் 20 அடிக்கு 10 அடி, நாலரை அடி ஆழத்தில் நீச்சல் குளம் கட்டி எட்டு மாதம் ஆகிறது. வாரம் மூன்று முறை 100 கிராம் குளோரின் பவுடர் போடுகிறோம். ஆனாலும் இரண்டு மாதமாகத் தண்ணீர் பச்சையாகவே இருக்கிறது. பிள்ளைகளுக்குக் கண் எரிகிறது. கட்டிக் கொடுத்தவர், மொத்தத் தண்ணீரையும் இறக்கி ஆசிட் ஊற்றிக் கழுவி, தீபாவளிக்குள் டேங்கரில் நிரப்பிவிடலாம், கூடவே உப்பு மெஷினும் வைத்துவிடலாம் என்கிறார். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். தண்ணீரை இறக்க ஆள் வந்து நின்றாலும் திருப்பி அனுப்புங்கள். பச்சையை அப்புறம் பார்க்கலாம், முதலில் குளத்தைக் காப்பாற்ற வேண்டும்.

உங்கள் பகுதி கடற்கரை மணல். ஐப்பசியில் நாலு நாள் சேர்ந்தாற்போல் மழை பெய்தால் நிலத்தடி நீர் மளமளவென்று மேலே வரும். உங்கள் குளத்தில் இருக்கும் தண்ணீர் சுமார் 25,500 லிட்டர், அதாவது 25 டன்னுக்கு மேல். அந்த எடைதான் குளத்தை மண்ணுக்குள் அழுத்தி வைத்திருக்கிறது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கான்கிரீட்டின் எடை, ஆறு அங்குலச் சுவர் என்று வைத்தால் ஏறக்குறைய 16 டன். குளத்தின் அடித்தளத்துக்கு மேல் நிலத்தடி நீர் ஏறும் ஒவ்வொரு அடிக்கும் கீழிருந்து ஆறரை டன் தள்ளும். மூன்றடி ஏறினால் போதும், குளம் மிதக்க ஆரம்பித்துவிடும். ஒரு வீட்டில் கண்ணால் பார்த்திருக்கிறேன். காலி செய்த மூன்றாம் நாள் ஒரு மூலை ஒரு சாண் உயர்ந்து, சுற்றிப் பதித்த கல் பிளந்து, பைப்புகள் எல்லாம் முறிந்து கிடந்தன. அந்த வீட்டுப் பெரியவர் கட்டியவருக்குப் போன் செய்தபடியே நின்றார், எதிர்முனையில் எடுக்கவே இல்லை. வீட்டு வயரிங் செய்கிற வயர்மேனுக்குக்கூட உரிமம் வேண்டும். 25 டன் தண்ணீரைப் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் நிறுத்துகிறவரிடம் என்ன தெரியும் என்று இங்கே யாரும் கேட்பதில்லை. எனக்கு இது பல வருடக் கோபம்.

குளத்தை முழுக்க இறக்கவே கூடாதா? இறக்கலாம், அதற்குக் காலம் இருக்கிறது. டைல் பெயர்ந்தது, விரிசல் விட்டது என்றால் சித்திரை, வைகாசியில் செய்யுங்கள். அப்போதும் அப்படியே இறங்கிவிடக் கூடாது. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பழைய கிணறு இருந்தால், கயிற்றில் கல்லைக் கட்டி விட்டுத் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். பத்தடிக்குக் கீழே இருந்தால் பயமில்லை. எட்டடி என்றால் யோசியுங்கள், ஆறடி என்றால் தொடாதீர்கள். போர்வெல் ஆழத்தைச் சொல்லி யாராவது சமாதானம் செய்தால் கேட்காதீர்கள். 100 அடி போர் போட்டிருந்தாலும் மேல்மட்டத் தண்ணீர் ஐந்தடியில் நிற்கலாம், குளத்தைத் தூக்குவது அந்தத் தண்ணீர்தான்.

சரி, பச்சைக்கு வருவோம். நீங்கள் போடும் பவுடர் டிசிசிஏ 90 ஆகத்தான் இருக்க வேண்டும், இங்கே எல்லோரும் விற்பது அதுதான். அதில் குளோரினோடு சயனூரிக் அமிலமும் சேர்ந்தே வருகிறது. வெயிலில் குளோரின் சீக்கிரம் சிதையும், அதைச் சிதையாமல் காப்பது இந்த அமிலம். 30 முதல் 50 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு தண்ணீரில் இத்தனை பங்கு) வரை இருந்தால் நல்லதே செய்யும். ஆனால் குளோரின் பாசியோடு சண்டை போட்டுத் தீர்ந்துவிடும், அமிலம் தீராது. நீங்கள் போடும் ஒவ்வொரு 100 கிராமும் உங்கள் குளத்தில் 2 பிபிஎம்முக்கு மேல் அமிலத்தை விட்டுவிட்டுப் போகிறது. எட்டு மாதக் கணக்குப் பார்த்தால், பேக்வாஷில், அதாவது ஃபில்டரைக் கழுவும்போது வெளியேறியது போக, 200-ஐ ஒட்டி நிற்கும். அந்த நிலையில் குளோரினைக் கட்டிப்போட்டதற்குச் சமம். தண்ணீரில் இருக்கும், வேலை செய்யாது. நீங்களும் மேலே மேலே போடுவீர்கள், அமிலமும் ஏறிக்கொண்டே போகும். இதை மூட்டையின் மேல் பெரிய எழுத்தில் தமிழில் அச்சடிக்க என்ன தடையோ தெரியவில்லை.

உங்கள் ஆள் இரண்டு குழாய் உள்ள சின்னப் பெட்டியில் தண்ணீர் எடுத்து, மஞ்சள் நிறத்தைக் காட்டி, ‘பாருங்க, குளோரின் இருக்கு’ என்று சொல்லியிருப்பார். அந்த மஞ்சள் மொத்தக் குளோரினைக் காட்டுகிறது. வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து செத்துப்போன குளோரினும் அதில் அடக்கம். கண்ணை எரிக்கும் அந்த மூக்கைத் துளைக்கிற நெடி அதனுடையதுதான். சயனூரிக் அமிலத்துக்குத் தனி டெஸ்ட் இருக்கிறது. மருந்து கலந்தவுடன் தண்ணீர் பால் மாதிரி கலங்கும். அடியில் கறுப்புப் புள்ளி உள்ள குழாயில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, புள்ளி மறையும் இடத்தில் அளவைப் படிக்க வேண்டும். இந்த டெஸ்ட்டைச் செய்யாமல் யார் என்ன மருந்து எழுதிக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அமிலத்தை வெளியே எடுக்க நடைமுறையில் ஒரே வழி, தண்ணீரைப் பகுதி பகுதியாக மாற்றுவது. ஒன்றரை அடி இறக்குங்கள், அது மூன்றில் ஒரு பங்கு. உள்ளே மூன்றடி தண்ணீர் நிற்கும்வரை குளம் அசையாது. 200 இருந்தால் 133 ஆகும், இன்னொரு முறை செய்தால் 89, மூன்றாவது முறையில் 60-க்குள் வந்துவிடும். ஒவ்வொரு முறைக்கும் ஒரு 9,000 லிட்டர் டேங்கர் போதும். அதுகூட முழுதாகத் தேவைப்படாது. வடகிழக்குப் பருவமழையில் சென்னைக்குச் சுமார் 80 சென்டிமீட்டர் மழை உண்டு. பெருமழை வருகிறது என்று தெரிந்தால் முந்தின நாள் இறக்கிவிட்டுக் காத்திருங்கள், ஒரு பங்கை வானமே நிரப்பித் தரும். டேங்கர்காரரிடம் பங்கு வாங்குகிறவர் இதை உங்களுக்குச் சொல்ல மாட்டார்.

அளவு இறங்கியதும் டிசிசிஏவை நிறுத்திவிட்டு, திரவ ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற குளோரின் கரைசல்) வாங்குங்கள். 10 சதவீதத் திரவம் என்றால் இரண்டரை லிட்டர் உங்கள் குளத்தில் 10 பிபிஎம் ஏற்றும். பொழுது சாய்ந்த பிறகு ஊற்றி, சுவரையும் தரையையும் பிரஷ்ஷால் தேய்த்து, பம்ப்பை இரவு முழுக்க ஓட விடுங்கள். தண்ணீர் தெளியும்வரை தினமும் இதைச் செய்ய வேண்டும். அப்புறம் நாள்தோறும் அரை லிட்டர் போதும். ஹைப்போ வெயிலில் வீரியம் இழக்கும், அதனால் சின்னக் கேனாக வாங்கி நிழலில் வையுங்கள். தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஹெச் 7.2-க்கும் 7.8-க்கும் நடுவில் இருக்கட்டும். டிசிசிஏவும் மழைத் தண்ணீரும் அதைக் கீழே இழுக்கும், அப்போதும் கண் எரியும். அப்படி இறங்கியிருந்தால் 150 கிராம் சலவைச் சோடாவைக் கரைத்து ஊற்றி மறுநாள் பாருங்கள். மிச்சமிருக்கும் டிசிசிஏவை ஹைப்போவோடும் ப்ளீச்சிங் பவுடரோடும் ஒரே மக்கில்கூடப் புழங்காதீர்கள். விஷவாயு கிளம்பும், தீயும் பிடிக்கும்.

மயில்துத்தம் (தாமிர சல்பேட்) போட்டால் ஒரே நாளில் நீலமாகிவிடும் என்று அடுத்து ஒருவர் வருவார். பாசி சாகும், ஆனால் தாமிரம் தண்ணீரிலேயே நிற்கும். டைல் இடுக்கில் கறை பிடிக்கும், பிள்ளைகளின் முடியிலும் பச்சை ஏறும். உப்பு மெஷின் கதையும் இதுதான். உப்பிலிருந்து அது தயாரிப்பதும் அதே குளோரின், சேர்ந்துபோன அமிலத்தை அது எடுக்காது.

பம்ப் ஒரு எச்பி என்றால், தண்ணீர் தெளிந்தபின் தினம் ஐந்து மணி நேரம் போதும். இரண்டு மாதத்துக்குச் சுமார் 225 யூனிட். பத்து மணி நேரம் ஓட்டச் சொல்பவர் பேச்சைக் கேட்டால் 450. வீட்டுச் செலவும் சேர்ந்து 500 தாண்டிவிட்டால் மின்வாரியம் வேறு கட்டணத்தில் கணக்குப் போடும்.

தண்ணீர் ஒன்றரை அடி இறங்கியிருக்கும் நாட்களில் மேல்மட்டத் தண்ணீரை உறிஞ்சும் ஸ்கிம்மரின் வாய் வெளியே தெரியும். அதன் வால்வை மூடாவிட்டால் பம்ப் காற்றை இழுத்துக் கெட்டுப்போகும். மூடினால் முழு உறிஞ்சலும் தரையில் உள்ள வடிகால் வழியாகத்தான் நடக்கும். அந்த இழுப்பு ஒரு குழந்தையின் முடியையோ வயிற்றையோ பிடித்துக்கொண்டால், பெரியவர்கள் சேர்ந்து இழுத்தாலும் விடுவிப்பது கடினம். அமெரிக்காவில் 2002-ல் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி வெந்நீர்த் தொட்டியின் வடிகாலில் இப்படிச் சிக்கி இறந்த பிறகுதான், 2007-ல் வடிகால் மூடிகளுக்குச் சட்டம் வந்தது. உங்கள் குளத்தில் வடிகால் ஒன்றா, இரண்டா என்று இன்றே பாருங்கள். மூடி தட்டையான கம்பி வலை என்றால், குவிந்த வடிவில் உள்ள பாதுகாப்பு மூடியாக மாற்றுங்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால், தண்ணீர் பழைய மட்டத்துக்கு ஏறி ஸ்கிம்மர் திறக்கும்வரை பிள்ளைகளை இறங்க விடாதீர்கள். எப்படியும் தரை கண்ணுக்குத் தெரியாத பச்சைத் தண்ணீரில் இறங்கக் கூடாது. நாலடி வேலியும் தானாக மூடிக்கொள்ளும் கதவும் இல்லையென்றால், உப்பு மெஷினுக்கு ஒதுக்கிய பணத்தை அதற்குச் செலவிடுங்கள்.