குறைந்த வருமானத்தில் வாழும் ஒரு கிறிஸ்தவர் உண்மையுள்ள உக்கிராணக்காரராக இருப்பது எப்படி?

தேயிலைத் தோட்டத்தில் நாட்சம்பளத்துக்கு வேலை செய்பவருக்கு, வருமானத்தில் பத்தில் ஒன்றாகிய தசமபாகத்தைத் தவிர வேறென்ன உக்கிராணத்துவம், அதாவது தேவன் ஒப்புவித்ததை அவருக்காகப் பொறுப்போடு நிர்வகிக்கும் கடமை, இருக்க முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். இலங்கை மலையகத்தில் அட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்துச் சபையின் பொருளாளர் என்ற முறையில் எழுதுகிறேன்.

உக்கிராணத்துவத்தைத் தசமபாகத்தோடு முடித்துக்கொள்வதுதான் நம் சபைகளின் பெரிய குறை. "பூமியும் அதின் நிறைவும்" கர்த்தருடையது என்று 24ஆம் சங்கீதம் சொல்லும்போது, ஒரு பங்கு அவருக்கு, ஒன்பது பங்கு நமக்கு என்ற கணக்குக்கே இடமில்லை. மத்தேயு 25இல் இயேசு சொல்லும் உவமையில், எஜமானிடம் ஒரே தாலந்தைப் பெற்ற ஊழியக்காரனும் ஏழையல்ல. ஒரு தாலந்து 6000 திநாரி, ஒரு திநாரி அக்காலத்தில் ஒரு நாள் கூலி. அவன் கையில் இருந்தது ஏறக்குறைய இருபது வருட உழைப்பின் மதிப்பு.

லூக்கா 16இல் வரும் உக்கிராணக்காரன் தன் எஜமானின் கடன்காரரிடம் நூறு குடம் எண்ணெயை ஐம்பது என்றும், நூறு கலம் கோதுமையை எண்பது என்றும் மாற்றி எழுதச் சொல்கிறான். அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குப் பறித்த தேயிலையை நிறுக்கும் கொழுந்து மடுவம்தான் நினைவுக்கு வருகிறது. அங்கே நிறுத்து எழுதுபவர் கிறிஸ்தவராக இருந்தால், அந்தத் தராசே அவருடைய உக்கிராணம். ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று நியாயத்துக்கு மேல் இரண்டு கிலோவைக் கழித்து, அதனால் மழையில் நனைந்து கொழுந்து பறித்த ஒரு தாய்க்கு அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம் மட்டும், விழுமானால், ஞாயிறன்று அவர் எவ்வளவு காணிக்கை போட்டாலும் அது ஈடாகாது. "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்று நீதிமொழிகள் மறைக்காமல் சொல்கிறது.

தராசு கையில் இல்லாதவர்களுக்கும் ஒப்புவிக்கப்பட்டவை உண்டு. எங்கள் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) சிங்களம் நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒரு தங்கச்சி இருக்கிறார். அரசாங்க அலுவலகத்திலிருந்து சிங்களத்தில் கடிதம் வந்தால், பெரியவர்கள் அதை எடுத்துக்கொண்டு அவர் வாசலுக்குத்தான் போவார்கள்; அவரும் அடுப்பு வேலையை நிறுத்திவிட்டு, வாசித்து, பொருள் சொல்லி, படிவத்தை நிரப்பி, எங்கே கைநாட்டு வைக்க வேண்டும் என்றும் காட்டிக் கொடுப்பார், ஐந்து சதம் வாங்காமல். பெற்ற வரத்தின்படியே ஒருவருக்கொருவர் உதவிசெய்யுங்கள் என்று பேதுரு எழுதியதை இதைவிடத் தெளிவாக நான் கண்டதில்லை.

பொதுப் பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எருசலேமுக்கான தர்மப்பணத்தைப் பவுல் தனியாகக் கையாளாமல் தீத்துவோடு வேறு சகோதரரையும் சேர்த்து அனுப்பியது, ஒருவரும் குற்றம் சொல்லாதபடிக்கே. அதனால் எங்கள் சபையிலும் காணிக்கையை இருவர் எண்ணி, இருவரும் கையெழுத்திட்டு, அடுத்த ஞாயிறு சபையார் முன்னால் தொகையை வாசிக்கிறோம். வீடுகளில் சமைக்கும்போது காணிக்கைக்கென்று எடுத்துவைக்கும் பிடியரிசியை விற்ற காசும் அந்தக் கணக்கில்தான் வரும்.

காணிக்கையைப் பொறுத்தவரை, சம்பள நாளில் கடைக் கடனை நிறுத்திவைத்துவிட்டுக் காணிக்கை போடும்படி நான் எவரிடமும் சொல்வதில்லை. கடனுக்கு அரிசி கொடுத்த கடைக்காரருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவருக்குச் சேர வேண்டியதை முதலில் கொடுத்துவிட்டு, மீதியில் மனதார முடிந்ததைக் கொண்டுவாருங்கள்.