மாடல் ரயில் மின்கோளாறுகள்: கேள்வி பதில்

கேள்விகள் நிறைய சேர்ந்துவிட்டன, ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அதற்கு முன் ஒன்றே ஒன்று: கோளாறு வந்த உடனே ஸ்க்ரூடிரைவரை எடுத்து இன்ஜினைத் திறக்காதீர்கள். எந்த இடத்தில் நிற்கிறது, எந்தத் திசையில் போகும்போது, எந்த நேரத்தில் என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். எல்லா இன்ஜினும் ஒரே இடத்தில் நின்றால் கோளாறு தண்டவாளத்தில் இருக்கிறது, ஒரே இன்ஜின் எல்லா இடத்திலும் நின்றால் அந்த இன்ஜினில் இருக்கிறது. இதைப் பார்க்காமல் நல்ல மோட்டாரைக் கழற்றிக் கெடுத்தவர்கள் நிறையப் பேர்.

சார், என் நீராவி இன்ஜின் முன்னால் அருமையாக ஓடுகிறது, பின்னால் விட்டால் திக்கித் திக்கி நிற்கிறது. மோட்டாரையே மாற்றிவிட்டேன், பலன் இல்லை.

மோட்டார் பாவம், அதன் மேல் தப்பே இல்லை. பழைய நீராவி மாடல்கள் பலவற்றில் இன்ஜின் ஒரு தண்டவாளத்திலிருந்தும், பின்னால் வரும் டெண்டர் (நிலக்கரி, தண்ணீர் வண்டி) மறு தண்டவாளத்திலிருந்தும் மின்சாரம் எடுக்கும். இரண்டையும் கோத்திருக்கும் சின்ன உலோகப் பட்டைதான் அங்கே வயர். முன்னால் போகும்போது இன்ஜின் டெண்டரை இழுப்பதால் பட்டையின் துளை ஊசியில் இறுகப் பதிந்திருக்கும். பின்னால் போகும்போது இழுப்பு தளர்ந்து ஊசி துளைக்குள் ஆடும், தொடர்பு விட்டு விட்டு வரும். லென்ஸ் வைத்துப் பாருங்கள், துளையின் ஓரத்தில் கருப்பாகப் புகை படிந்த மாதிரி இருக்கும், அது தீப்பொறி விட்ட அடையாளம். முதலில் இரண்டு முனையிலும் கிளிப் உள்ள வயரால் இன்ஜினையும் டெண்டரையும் இணைத்து ஓட்டிப் பாருங்கள். கோளாறு போய்விட்டால், வளையக்கூடிய மெல்லிய வயர் ஒன்றை இரண்டுக்கும் நடுவே சால்டர் செய்துவிடுங்கள்.

அண்ணா, ட்ராக்கின் தூரத்து மூலையில் எல்லா ரயிலும் தவழ்கிறது. மல்டிமீட்டரில் அங்கேயும் 12 வோல்ட் சரியாகக் காட்டுகிறதே?

தம்பி, மீட்டர் பொய் சொல்லவில்லை, நீங்கள் கேட்ட கேள்விதான் வேறு. சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உள் தடை 10 மெகா ஓம் அளவில் இருக்கும், அது இழுக்கும் மின்னோட்டம் ஒரு மைக்ரோ ஆம்பியரை ஒட்டித்தான். அந்தத் துளி ஓட்டத்துக்கு, தண்டவாளத் துண்டுகளைக் கோக்கும் ஜாயினர் துருப்பிடித்திருந்தாலும் நல்ல பாதைதான், அதனால் முழு 12 வோல்ட் தெரிகிறது. இன்ஜின் அரை ஆம்பியர் இழுக்கும்போது வழியில் எல்லா ஜாயினரும் சேர்ந்து 6 ஓம் தடை கொடுத்தால் 3 வோல்ட் அங்கேயே தின்னப்பட்டுவிடும். ஆகவே சுமை வைத்து அளக்க வேண்டும். 12 வோல்ட், 5 வாட் பல்பு ஒன்றில் இரண்டு வயர் இணைத்து, அதைத் தண்டவாளத்தில் எரியவிட்டுக்கொண்டே மீட்டரை வையுங்கள். கன்ட்ரோலர் பக்கம் தொடங்கி ஒவ்வொரு ஜாயினராகத் தாண்டிப் போனால் எந்த இடத்தில் வோல்டேஜ் சட்டென்று விழுகிறதோ அதுதான் ஆள்.

ஜாயினர் தண்டவாளத் துண்டுகளை நேராகப் பிடித்து வைப்பதற்கு, மின்சாரத்தை அதை நம்பி விடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. தண்டவாள உலோகத்தின் நிக்கல் சில்வர் என்ற பெயரைப் பார்த்து வெள்ளி கலந்தது என்று நினைக்க வேண்டாம், அது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை, சுத்தச் செம்பைவிட மின்தடை பல மடங்கு அதிகம். பலகைக்கு அடியில் ஒவ்வொரு தண்டவாளத்துக்கும் தனித்தனியாகத் தடித்த செம்பு வயர் ஒன்றைச் சுற்றிலும் ஓடவிட்டு, ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒன்று வீதமாவது சின்ன வயர் மேலே ஏற்றித் தண்டவாளத்தில் சால்டர் செய்யுங்கள்.

காலையில் ஒரு பிரச்சினையும் இல்லை, மதியம் ஆனால் ஷார்ட். சாயங்காலம் தானாகச் சரியாகிவிடுகிறது. பைத்தியம் பிடிக்கிறது.

எனக்கும் பிடித்தது, இரண்டு வாரம். கன்ட்ரோலர் சூடாகிறது என்று நினைத்து அதைக் கழற்றினேன், வயர்களை எல்லாம் பிரித்தேன். கடைசியில் ஒரு மதியம் டார்ச் அடித்துத் தண்டவாளத்தின் ஓரமாகக் கண்ணை வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இரண்டு பகுதிகளைப் பிரிக்க நான் ரம்பத்தால் அறுத்த இடைவெளியைக் காணோம், இரண்டு முனையும் முட்டிக்கொண்டு நின்றன. 2 மீட்டர் தண்டவாளம் 15 டிகிரி சூடு ஏறினால் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் நீளும். மெல்லிய ரம்பத்தின் அறுப்பே அவ்வளவுதான். பிளாஸ்டிக் ஜாயினர் போடுங்கள், அல்லது இடைவெளியில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டை ஒட்டித் தண்டவாள வடிவத்துக்கு அரம் போட்டுவிடுங்கள்.

ஒரே ஒரு பெட்டி மட்டும் பாயின்ட்டை (பாதை பிரியும் இடத்தை) தாண்டும்போது ஷார்ட் ஆகிறது. அதில் மோட்டார் இல்லை, விளக்கும் இல்லை!

மோட்டார் வேண்டாம், உலோகச் சக்கரம் போதும். ஒரு அச்சில் உள்ள இரண்டு சக்கரங்களும் நெருங்கியிருந்தால், பாயின்ட்டில் திறந்திருக்கும் பிளேடின் (நகரும் தண்டவாள நுனியின்) உட்பக்கத்தைச் சக்கரத்தின் முதுகு, அதாவது அச்சுப் பக்கத்து முகம், உரசும். பிளேடுக்கும் பக்கத்துத் தண்டவாளத்துக்கும் எதிரெதிர் மின்முனை என்றால் அந்த நொடியில் ஷார்ட். ஓஓ என்ற மாடல் அளவில் சக்கர முதுகுகளுக்கு இடையே 14.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், ஸ்லைடு காலிப்பர் வைத்து அளந்து பாருங்கள்.

ட்ராக்கை வளைத்து அதே பாதையில் திரும்ப வருகிற மாதிரி போட்டேன். ரயிலே வைக்கவில்லை, ஷார்ட்!

இடது தண்டவாளம் சுற்றி வந்து வலதோடு சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான். வளையத்தின் இரண்டு முனையிலும் இரண்டு தண்டவாளங்களையும் அறுத்துப் பிரித்து, முழு ரயிலும் அடங்கும் நீளத்துக்கு அந்தப் பகுதியைத் தனியாக்குங்கள். சாதாரண நேர்மின்சாரம் (டிசி) என்றால் மின்முனை மாற்றும் ஸ்விட்ச், டிஜிட்டல் கட்டளையில் ஓட்டும் டிசிசி என்றால் அதைத் தானாகச் செய்யும் ஆட்டோ ரிவர்சர்.

டிசிசி வைத்திருக்கிறேன். எங்கோ ஷார்ட் ஆனதும் ஒரு இன்ஜின் முழு வேகத்தில் தானாகப் பாய்ந்து மேசையிலிருந்து விழுந்துவிட்டது.

கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. ஷார்ட்டில் டிஜிட்டல் சிக்னல் சிதைந்ததும், இன்ஜினுக்குள் அந்தச் சிக்னலைப் படிக்கும் டீகோடர் அதைச் சாதாரண டிசி என்று நினைத்துக்கொண்டு, வந்த வோல்டேஜ் முழுவதையும் மோட்டாருக்குக் கொடுத்துவிட்டது. டீகோடரின் சிவி 29 என்ற அமைப்பு எண்ணில் இதை அணைக்கலாம். மதிப்பு 6 என்றால் 2 ஆக்குங்கள், இன்ஜினின் எண்ணாக நீள முகவரி வைத்து 38 ஆக இருந்தால் 34. டிசியில் ஓட்டும் வழக்கம் இல்லாவிட்டால் எல்லா இன்ஜினுக்கும் இன்றே செய்துவிடுங்கள்.

அப்புறம் ஷார்ட் ஆனால் தண்டவாளத்துக்கு மின்சாரம் கொடுக்கும் உங்கள் பூஸ்டர் உண்மையிலேயே நிற்கிறதா என்றும் பாருங்கள். ரயில்களை எல்லாம் எடுத்துவிட்டு, ஒரு நாணயத்தை இரண்டு தண்டவாளத்தின் குறுக்கே வையுங்கள். அந்த நொடியே மின்சாரம் வெட்டுப்பட வேண்டும். வெட்டுப்படாத இடத்தில் வயர் மெலிந்தது அல்லது இணைப்பு தளர்ந்தது என்று அர்த்தம், அங்கே ஒரு நாள் பெட்டி தடம் புரண்டால் பல ஆம்பியர் நிற்காமல் பாய்ந்து சக்கரத்தைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். பக்கத்திலேயே அடியிலிருந்து மேலே ஏறும் ஃபீடர் வயர் ஒன்றைச் சேர்த்துவிட்டு, அதே இடத்தில் மறுபடி நாணயத்தை வைத்துப் பாருங்கள்.