டிரம்ஸ் இல்லாமல் புரோக்ரசிவ் ராக் சாத்தியமா? கோமஸ் குழுவின் முதல் ஆல்பத்தை ஏன் அந்த வகையில் சேர்க்கிறார்கள்?

சாத்தியம்தான். புரோக்ரசிவ் ராக் என்பது நீண்ட, பகுதி பகுதியாக மாறிச் செல்லும் பாடல்களைக் கொண்ட ராக் வகை. 1971இல் வெளிவந்த கோமஸின் முதல் ஆல்பமான 'ஃபர்ஸ்ட் அட்டரன்ஸ்' அதற்கு நல்ல சான்று. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உருவான இந்தக் குழுவிடம் இருந்தவை அகூஸ்டிக் கிதார், வயலின், புல்லாங்குழல், ஓபோ என்ற ஊதுகுழல், பேஸ் கிதார், கையால் தட்டும் தாளக் கருவிகள். பட்டியலைப் பார்த்தால் சாதுவான நாட்டார் இசைக் குழு என்றே தோன்றும்.

முதல் பாடலான 'டயானா'வைப் போட்டதும் அந்த எண்ணம் போய்விடும். தாளம் காட்டுக்குள் யாரோ துரத்துவதுபோல் ஓடுகிறது. ரோஜர் வூட்டனின் குரல் கீச்சிட்டு, உறுமி, நெளிகிறது. பாபி வாட்சனின் மெல்லிய பெண்குரல் அதனுடன் சேரும்போது அச்சம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. இரவில் தனியாகக் கேட்டு, பாதியில் நிறுத்திய அனுபவம் எனக்குண்டு.

புரோக்ரசிவ் என்று சொல்லக் காரணம் பாடல்களின் அமைப்பு. 'தி ஹெரால்ட்' 12 நிமிடங்களைத் தாண்டுகிறது. சரணம், பல்லவி என்று சுற்றி வராமல் பகுதி பகுதியாக மாறிச் செல்கிறது. 'டிரிப் டிரிப்' ஏறக்குறைய 11 நிமிடம். நாட்டார் இசையின் கருவிகளும் கொலைக்கதைப் பாடல்களின் இருளும் அப்படியே இருக்க, கட்டுமானம் மட்டும் ராக்கினுடையது. குழுவின் பெயர் ஆங்கிலக் கவிஞர் மில்டனின் நாடகத்தில் வரும் மாயக்காரனுடையது. அட்டையில் உடல் முறுக்கிக் கிடக்கும் உருவத்தை வூட்டனே பால்பாயின்ட் பேனாவால் வரைந்தார்.

விற்பனை சொற்பம். ஆனால் ஸ்வீடனின் ஓபெத் மெட்டல் குழு 1998இல் தன் ஆல்பத்துக்கு வைத்த தலைப்பு 'டிரிப் டிரிப்' பாடலின் வரியிலிருந்து எடுத்ததுதான். முதலில் 'டயானா'வைக் கேளுங்கள். பிடித்தால் 'தி ஹெரால்ட்' பக்கம் போங்கள்.