வென்றவர் ஏன் கையை உயர்த்தக் கூடாது?

வணக்கம். அண்மையில் ஜப்பானிய வாள்வீச்சுக் கலையான கெண்டோவின் போட்டி ஒன்றைக் காணொளியில் பார்த்தேன். எதிராளியின் தலைக்கவசத்தில் மிக அழகாக ஓர் அடி விழுந்தது. நடுவர்கள் கொடியை உயர்த்திவிட்டார்கள். அடித்தவர் மகிழ்ச்சியில் முஷ்டியை மடக்கிக் கையைத் தூக்கினார். உடனே நடுவர்கள் கூடிப் பேசி அந்தப் புள்ளியைப் பறித்துவிட்டார்கள். அடி சரிதானே? மகிழ்ந்ததற்குத் தண்டனை என்றால் அது அறமா, அடக்குமுறையா? ஜப்பானியத் தற்காப்புக் கலைகளின் அறம் என்று எல்லோரும் சிலாகிப்பது இதைத்தானா?

ச.

அன்புள்ள ச.,

‘பறித்துவிட்டார்கள்’ என்ற சொல்தான் எனக்கு இடிக்கிறது. கெண்டோவில் அடி விழுந்ததோடு புள்ளி கைக்கு வந்துவிடுவதில்லை. ஷினாய் என்கிற மூங்கில் வாளின் உரிய பகுதி உரிய இடத்தில் பட வேண்டும். உடலும் குரலும் வீச்சும் ஒன்றாக எழ வேண்டும். அடித்த பிறகும் எதிராளியின் மீதுள்ள கவனம் கலையக் கூடாது. இந்தக் கடைசி நிலைக்கு ஸான்ஷின் என்று பெயர். எஞ்சி நிற்கும் மனம் என்று சொல்லலாம். கையைத் தூக்கிய கணத்தில் அவர் எதிரே நின்றவரை மறந்துவிட்டார். அடி பாதியிலேயே நின்றுபோனது.

இது விதி. இதன் வேரைச் சொல்ல எனக்கு ஜூடோதான் வசதி, அதைக் கொஞ்ச காலம் உடம்பால் கற்றிருக்கிறேன். முதல் சில வாரங்கள் யாரையும் வீழ்த்தச் சொல்லித்தரவில்லை. விழத்தான் சொல்லித்தந்தார்கள். மோவாயை மார்போடு ஒட்டிக்கொண்டு, முதுகு விரிப்பில் படும் நொடியில் உள்ளங்கையால் தரையை ஓங்கி அறைய வேண்டும். கை சிவந்து எரியும். அதன்பிறகு ஒருநாள் மூத்த மாணவர் ஒருவர் என்னைத் தோளுக்கு மேல் தூக்கி எறிந்தார். தலைகீழாகப் போகும்போதே ஒன்று தெரிந்தது: என் வலது சட்டைக்கையை அவர் விடவில்லை, மேல்நோக்கி இழுத்துப் பிடித்திருந்தார். என் தலை தரையில் மோதாமல் காத்தது அந்தப் பிடி. எழுந்து அவருக்குத் தலைவணங்கினேன். அதுவரை அதை வெறும் சடங்காகத்தான் செய்துவந்திருந்தேன்.

ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1882இல் தோக்கியோவின் ஒரு புத்தக் கோயிலில், பன்னிரண்டு பாய் விரிக்கும் அளவே இருந்த அறையில், கொடோகன் பள்ளியைத் தொடங்கினார். பழைய மற்போர்க் கலையான ஜுஜுத்ஸுவின் ஆபத்தான பிடிகளை விலக்கி, கற்கிறவர்கள் முழு பலத்தோடு மோதினாலும் பிழைத்தெழும்படி அதை மாற்றியமைத்தார். 1922இல் அவர் முன்வைத்த இரண்டு கொள்கைகளில் ஒன்று, ஆற்றலைச் சிறப்பாகப் பயன்படுத்துவது. இன்னொன்று ‘ஜிதா க்யோயேய்’: தானும் பிறரும் சேர்ந்து செழிப்பது. இதைப் பலர் சுவரில் மாட்டும் வாசகமாக நினைக்கிறார்கள். எனக்கு அது நடைமுறை உண்மை. ஒருவர் தன் உடம்பைக் கடன் கொடுக்காமல் இன்னொருவர் ஒரு வீச்சைக்கூடக் கற்க முடியாது. அப்படிக் கடன் கொடுத்தவர் முன்னால் எப்படிக் குதிப்பது?

1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ முதன்முறையாக இடம்பெற்றது. எடை வரம்பில்லாப் பிரிவின் இறுதிப் போட்டியில் நெதர்லாந்தின் ஆன்டன் கேசிங்க், ஜப்பானின் அகியோ காமினாகாவைத் தரையில் அழுத்திப் பிடித்து வென்றார். அரங்கமே உறைந்துபோனது. நெதர்லாந்துக்காரர்கள் ஆர்ப்பரித்து விரிப்பை நோக்கி ஓடிவந்தார்கள். கேசிங்க் கையை நீட்டி அவர்களைத் தடுத்தார். அவரும் கையை உயர்த்தினார், பாருங்கள்! நீங்கள் பார்த்தவர் உயர்த்திய கைக்கும் இந்தக் கைக்கும் உள்ள தூரம்தான் உங்கள் கேள்விக்கு என் பதில்.

ஆனால் அடக்குமுறை என்று நீங்கள் சந்தேகப்பட்டதை நான் தள்ளிவிட மாட்டேன். 2013இன் தொடக்கத்தில் வெளிவந்த செய்தி நினைவிருக்கலாம். ஜப்பானின் தேசிய மகளிர் ஜூடோ வீராங்கனைகள் பதினைந்து பேர், பயிற்சியாளர்கள் தங்களை அறைந்ததாகவும் மூங்கில் வாளால் அடித்ததாகவும் புகார் கொடுத்தார்கள். தலைமைப் பயிற்சியாளர் பதவி விலகினார். வணக்கமும் ஒழுக்கமும் எல்லாம் இருந்த இடத்தில்தான் இது நடந்தது. மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பவர் குனிவது மட்டுமே மரியாதை என்று ஆகிவிட்டால், சட்டைக்கையைப் பிடித்துக் காக்க ஆள் இருக்காது. பள்ளி ஜூடோவில் தலையில் அடிபட்டு இறந்த பிள்ளைகளும் அந்த நாட்டில் உண்டு. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது.

2022இல் ஜப்பானிய ஜூடோ கூட்டமைப்பு, தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கான தேசியத் தனிநபர் போட்டியையே நிறுத்தியது. சிறு பிள்ளைகளைப் பட்டினி போட்டு எடை குறைக்க வைத்ததும், பெற்றோரும் பயிற்சியாளர்களும் நடுவர்களை வசைபாடியதும் காரணம். அப்போது கூட்டமைப்பின் தலைவராக இருந்தவர் யசுஹிரோ யமாஷிதா, 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் காயம்பட்ட காலோடு நின்று தங்கம் வென்றவர். வெற்றியின் ருசி அறிந்த ஒருவரின் காலத்தில் அந்த முடிவு வந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.