யோகா செய்கிறவர் தட்டில் என்ன இருக்கணும்? சுங்கை சிப்புட்டிலிருந்து கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) மண்டபத்தில் யோகா சொல்லித் தருகிறேன். வருகிறவர்களில் பலர் எஸ்டேட் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள், மற்றவர்கள் அவர்களுடைய பிள்ளைகள். ஆசனத்தைவிடச் சாப்பாட்டைப் பற்றித்தான் கேள்வி அதிகம் வருகிறது. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில். சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மருந்து எடுப்பவர்கள், சாப்பாட்டு நேரத்தையும் அளவையும் மாற்றுவதற்கு முன் கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

டீச்சர், வெறும் வயிற்றில்தான் யோகா செய்யணுமா? நான் செம்பனை (எண்ணெய்ப்பனை) காட்டில் வேலை செய்கிறேன். விடியும் முன்னே பெரட்டுக்கு (வேலையாட்களின் பேர் கூப்பிடும் இடத்துக்கு) போகணும், காலையில் நேரமே இல்லை.

மாலையில் செய்யுங்கள் அண்ணே, ஒரு குறையும் இல்லை. வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் 3, 4 மணி நேரம் விட்டுச் செய்யுங்கள். ஒரு வாழைப்பழத்தோடு நிறுத்தியிருந்தால் ஒன்றரை மணி நேரம் போதும். குனியும்போதும் இடுப்பைத் திருப்பும்போதும் வயிறு அழுந்தும். உள்ளே சாப்பாடு இருந்தால் நெஞ்சுவரை எதுக்களிக்கும். மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதியைச் சாப்பிட்ட வயிற்றோடு செய்யவே கூடாது. சாப்பிட்ட கையோடு உட்காரத் தகுந்தது, மண்டியிட்டுக் குதிகால்மேல் உட்காரும் வஜ்ராசனம்தான், அதுவும் முட்டி வலி இல்லாதவர்களுக்கு. அப்புறம் ஒன்று: நாளெல்லாம் வெயிலில் நின்றுவிட்டு வருகிறீர்கள். விரிப்பை விரிப்பதற்கு முன் நன்றாகத் தண்ணீர் குடித்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்திருங்கள்.

மிதாகாரம் என்று அடிக்கடி சொல்கிறீர்கள். அரை வயிறு சாப்பிடச் சொல்கிறீர்களா?

மிதாகாரம் என்றால் அளவான சாப்பாடு. அரை வயிறு இல்லை, முக்கால் வயிறு. 15-ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் எழுதிய ஹட யோக பிரதீபிகை என்ற யோக நூல், வயிற்றில் கால் பங்கைக் காலியாக விடச் சொல்கிறது. நம் வள்ளுவரும் மருந்து அதிகாரத்தில், முன்பு உண்டது செரித்ததை அறிந்து, நன்றாகப் பசித்த பிறகு உண்ணச் சொல்கிறார். எனக்கு இந்த இரண்டும் போதும். மற்ற விதிகள் எல்லாம் இவற்றுக்குப் பின்னால்தான்.

கால் பங்கு காலி என்று எப்படித் தெரிந்துகொள்வது? வயிறு நிறைந்த சேதி மூளைக்குப் போய்ச் சேரச் சுமார் 20 நிமிடம் ஆகும். ஐந்தே நிமிடத்தில் ஒரு தட்டு மீ கோரெங்கை (வறுத்த நூடுல்ஸ்) முடித்தால் அந்தச் சேதி வருவதற்குள் அடுத்த தட்டு வந்துவிடும். அதனால் இரண்டாம் முறை சோறு போடும் முன் கரண்டியைக் கீழே வையுங்கள், தண்ணீர் குடியுங்கள், பக்கத்தில் இருப்பவரோடு நாலு வார்த்தை பேசுங்கள். அப்போதும் பசித்தால் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள். தட்டை எப்படி நிரப்புவது என்பதற்குச் சுகாதார அமைச்சு சொல்லும் ‘சூக்கு சூக்கு செப்பாரோ’ (கால், கால், அரை) நல்ல கணக்கு. கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ பருப்போ முட்டையோ, அரைத் தட்டு காய்கறியும் பழமும்.

கவனத்தோடு சாப்பிடுவது என்றால் என்ன? கைப்பேசியை ஓரமாக வைத்தால் போதுமா?

அது வாசல்படி. உள்ளே வர இன்னும் கொஞ்சம் வேண்டும்.

1979-இல் அமெரிக்காவில் ஜான் கபாட்-ஸின் தொடங்கிய மன அழுத்தக் குறைப்புப் பயிற்சியில், ஒரே ஒரு உலர்ந்த திராட்சையைப் பார்த்து, தொட்டு, முகர்ந்து, மெதுவாக மெல்லச் சொல்வார்கள். நாம் அதை நாசி லெமாக்கில் (தேங்காய்ப்பால் சோற்றில்) செய்யலாம். பொட்டலத்தைப் பிரித்ததும் உடனே கை வைக்காதீர்கள். வாழையிலையின் சூட்டில் பண்டான் இலை வாசம் முதலில் வரும், அதற்குப் பின்னால் தேங்காய்ப்பால். ஒரே ஒரு நெத்திலியை மட்டும் எடுத்து வாயில் வையுங்கள். முதலில் மொறுமொறுப்பு, பிறகு உப்பு, மெல்ல மெல்ல ஒரு சின்னக் கசப்பு. அடுத்து சம்பல், அந்த மிளகாய்த் தொக்கு. காரம் என்று நினைத்திருப்பீர்கள். நாக்கு நுனியில் நிறுத்திப் பாருங்கள், அதில் எவ்வளவு இனிப்பு என்று அன்றைக்குத்தான் தெரியும்.

முழுப் பொட்டலத்தையும் இப்படிச் சாப்பிட வேண்டியதில்லை, வேலைக்குப் போக வேண்டாமா! முதல் மூன்று வாய் மட்டும் இப்படி. பிறகு நடுவில் ஒருமுறை நிறுத்தி, இன்னும் ருசிக்கிறதா என்று உங்களையே கேளுங்கள். பலருக்குப் பாதிப் பொட்டலத்திலேயே ருசி இறங்கிவிடுகிறது, கைதான் பழக்கத்தில் போய்க்கொண்டிருக்கிறது. பிராணாயாமத்தில் மூச்சைக் கவனிக்கப் பழகியவர்களுக்கு இது எளிது. மூச்சைப் பார்த்த அதே மனம்தான் வாயையும் பார்க்கிறது.

சோற்றைப் பாதியாகக் குறைத்துவிட்டேன் டீச்சர். உடம்பு இறங்கவே இல்லை. சர்க்கரையும் அப்படியே இருக்கிறது.

ஒரு நாளைக்கு எத்தனை தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்), தம்பி? அதில் ஊற்றும் இனிப்புக் கட்டிப்பாலில் பாதிக்குப் பாதி சர்க்கரை. 2019-இல் அரசாங்கம் சர்க்கரை அதிகமான பானங்களுக்கு வரி போட்டதே, அது தயாரித்து அடைத்து விற்கும் பானங்களுக்குத்தான். சாலையோர ஒட்டுக்கடையில் ஆற்றித் தரும் தேநீருக்கு அந்தக் கணக்கு கிடையாது, நாம்தான் போட வேண்டும். அதே ஆண்டின் தேசிய ஆய்வில் நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய 5 பேருக்கு ஒருவருக்கு நீரிழிவு இருந்தது, இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். எனக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் மனசு கனக்கிறது, ஏனென்றால் நம் வீடுகளில் சர்க்கரையால் காலை இழந்தவர்களும் கண் போனவர்களும் இருக்கிறார்கள்.

ஒரேயடியாக விட வேண்டாம். முதலில் ‘கூராங் மானிஸ்’ (இனிப்பு குறைவாக) சொல்லுங்கள், நாக்கு பழகியதும் ‘தே சி கோசோங்’ (சர்க்கரை இல்லாமல், இனிப்பில்லாத பாலோடு), அப்புறம் ‘தே ஓ கோசோங்’ (பாலும் சர்க்கரையும் இல்லாமல்). கடையில் உட்காரும்போது இது பசியா, களைப்பா, கூட்டாளியோடு பேசும் ஆசையா என்று பாருங்கள். பேசத்தான் என்றால் தண்ணீர் வைத்துக்கொண்டும் பேசலாம்.

வெங்காயம், பூண்டு சேர்க்கக் கூடாது என்கிறார்களே?

சில மரபுகளில் அப்படி. ஆனால் ஹட யோக பிரதீபிகையின் விலக்குப் பட்டியலில் பூண்டோடு பெருங்காயம், தயிர், மோர், கொள்ளு, எள், பச்சைக் கீரைகூட இருக்கின்றன. அதை எழுத்துக்கு எழுத்து பிடித்தால் நம் ரசமும் இல்லை, மோரும் இல்லை. அது தீவிரச் சாதனையில் இருந்தவர்களுக்கு எழுதியது. குடும்பஸ்தர்கள் அளவாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. பூண்டு சாப்பிட்டுவிட்டுத் தியானத்தில் உட்கார முடியவில்லை என்று நீங்களே உணர்ந்தால், அன்றைக்கு விடுங்கள்.

கறி, மீன் சாப்பிட்டால் யோகா பலிக்காதா?

பலிக்கும். நான் சைவம்தான், அகிம்சைக்காக. அது மனசார வர வேண்டும். புரட்டாசியில் கோழியை நிறுத்திவிட்டு, இறைச்சி மாதிரியே செய்த சைவ இறைச்சியை எண்ணெயில் பொரித்து மூன்று வேளையும் சாப்பிடுவதில் உப்பும் எண்ணெயும்தான் கூடுகிறது. அதற்குத் தெம்பே (புளிக்கவைத்த சோயா), தௌஃபு (சோயாக் கட்டி), பாசிப்பயறு, கங்கோங் கீரை எவ்வளவோ மேல்.

முழுச் சைவத்துக்கு மாறிவிட்டேன். சில மாதமாகக் களைப்பு, கை கால் மரத்துப் போகிறது.

முதலில் கிளினிக்கில் ரத்தம் பரிசோதியுங்கள் அக்கா, யோகாவால் சரியாகும் என்று தள்ளிப்போடாதீர்கள். சைவத்தில் பி12 குறைவாகக் கிடைக்கும். நீரிழிவுக்கு மெட்ஃபோர்மின் சாப்பிடுபவர்களுக்கு அது இன்னும் குறையலாம். இரும்புச் சத்துக்காகக் கீரை சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள், சாப்பிட்ட உடனே டீ குடிக்காதீர்கள். ஒரு மணி நேரமாவது போகட்டும்.

தைப்பூசத்துக்கு விரதம் இருக்கிறேன். எனக்குச் சர்க்கரை வியாதி. ஒருவேளை மட்டும் சாப்பிடலாமா?

ஐயா, மருந்தைப் பொறுத்தது. இன்சுலினும் சில மாத்திரைகளும் சாப்பிடாத வயிற்றில் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும். விரதம் தொடங்கும் முன்னே மருத்துவரிடம் போய் மருந்தின் அளவை மாற்றிக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் ஒருவேளை விரதத்தை விட்டு, சைவச் சாப்பாட்டை மூன்று வேளையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டு முருகனை நினையுங்கள். காவடி எடுக்க ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்குப் போகும் அன்று கூட வருகிறவரிடம் உங்களுக்குச் சர்க்கரை இருப்பதைச் சொல்லிவையுங்கள். கை நடுங்கினாலோ குப்பென்று வியர்த்தாலோ உடனே வாயில் போட இனிப்பு மிட்டாய் அவர் பையில் இருக்கட்டும்.