பிரிச்சா நூல் எங்கயும் போயிடாது: கிருஷ்ணகிரி பின்னல் டீச்சர்கிட்ட கேளுங்க

ஓசூர்லேர்ந்து: அக்கா, குவாலிட்டி செக்கிங்ல இருந்தேன், ஆள் குறைச்சதுல என் வேலையும் போச்சு, வயசு 44. பொண்ணுக்கு ஸ்வெட்டர் பின்ன ஆரம்பிச்சேன், பாதில டிசைன் தப்பாயிடுச்சு. மொத்தமா பிரிச்சுடவா?

மொத்தமா வேண்டாம்மா. தப்பு எந்த வரிசைல ஆரம்பிச்சுதுன்னு முதல்ல தேடு, அதுக்கு ஒரு வரிசை கீழ மெல்லிசான ஊசிய V மாதிரி தெரியற ஒவ்வொரு லூப்போட வலது கால்லயும், அதாவது வலது பக்க நூல்லயும், நுழைச்சுக்கிட்டே வா, அப்புறம் மேல இருக்கறத உருவினா சரியா அந்த ஊசில வந்து நின்னுடும், ஒண்ணும் நழுவாது. வேலை விஷயத்துலயும் நான் இதத்தான் சொல்லுவேன். போனது அந்த சம்பளம், தப்ப கண்டுபிடிக்கற உன் கண்ணு போகல. எதுவரைக்கும் பிரிக்கணும்னு முடிவு பண்ணிட்டு அங்கேர்ந்து பின்னு, எல்லாரும் முதல் வரிசைக்கே ஓடறாங்க, அது தேவையே இல்ல.

பாலக்கோடு: வீட்டுக்காரர் தவறி ஒரு வருஷம் ஆச்சு. அவரோட ஸ்வெட்டர பிரிச்சு பையனுக்கு பின்னலாம்னு பாக்கறேன், ஆனா கை வரல.

கை வரலன்னா வெச்சுடுங்கம்மா, யாரும் உங்கள அவசரப்படுத்தக் கூடாது. மறுபடி ஆரம்பிக்கணும்னா பழச அழிக்கணும்னு சொல்றவங்க பேச்ச நான் ஒத்துக்கவே மாட்டேன். என்னைக்காவது தோணுச்சுன்னா முதல்ல உள்பக்கம் தையல பாருங்க, ஓவர்லாக், அதாவது ஓரம் பிரியாம மெஷின்ல அடிக்கற தையல், அடிச்சிருந்தா தொடாதீங்க, வெட்டி தெச்சது அது, துண்டு துண்டாத்தான் நூல் வரும். கையால பின்னினதுன்னா தையல மட்டும் பிரிச்சுட்டு, பின்னி முடிச்ச பக்கத்துலேர்ந்து, பெரும்பாலும் கழுத்துப் பக்கம், உருவுங்க. நாற்காலி முதுகுல சுத்தி நாலு இடத்துல லூசா கட்டி வெதுவெதுன்னு தண்ணில ஊறவெச்சு நிழல்ல தொங்கவிட்டா கம்பளி நூல்ல இருக்கற சுருள் நல்லாவே இறங்கிடும்.

தர்மபுரி: நம்ம ஊர் வெயில்ல கம்பளி யாருங்க போடுவா?

காட்டன் நூல்ல பின்னுங்க. இழுவை இருக்காது, கை கொஞ்சம் வலிக்கும், அவ்ளோதான்.

அரூர்: அக்கா, இன்ஜினியரிங் பாதில விட்டுட்டேன். பேக்கரி வேலை கத்துக்கணும்னு ஆசை. இதுவும் தப்பாப் போனா?

தம்பி, பின்றவங்க ஸ்வெட்டருக்கு முன்னாடி 10 செ.மீ.க்கு மேல வர்ற மாதிரி ஒரு சதுரம் பின்னி, துவைச்சு, காயவெச்சு எண்ணிப் பாப்பாங்க. டிசைன்ல 10 செ.மீ.க்கு 20 லூப்னு போட்டிருக்கு, உன் கைக்கு 22 விழுதுன்னு வெச்சுக்கோ, ரெண்டுதானேன்னு 200 லூப் போட்டா 100 செ.மீ. வர வேண்டியது 91 செ.மீ.தான் வரும், மார்ல ஏறாது. அந்த சதுரம் வீண் இல்ல, அதுதான் உன் கை அளவ சொல்லுது. அதனால கடன் வாங்கி கோர்ஸ் சேர்றதுக்கு முன்னாடி ஒரு பேக்கரில ரெண்டு மாசம் மாவு பிசைஞ்சு பாரு. விடிகாலைல எழுந்து அந்த அடுப்பு சூட்டுல நிக்க உனக்குப் பிடிக்குதான்னு அங்கயே தெரிஞ்சுடும். வீட்ல கேட்டா இதையே சொல்லு, அவங்களுக்கும் பயம் குறையும்.

தளி: எனக்கு 61. இங்க மார்கழி குளிருக்கு சால்வை பின்ன ஆசை. இனிமே வருமா?

வரும்மா. 4 மி.மீ. மூங்கில் ஊசி வாங்குங்க, வழுக்காது. நூல் வெளிர் கலரா எடுங்க, கறுப்புல லூப் கண்ணுக்குத் தெரியாது. முதல்ல பழகறதுக்கு 20 லூப் போட்டு வெறும் நிட், அதாவது நேர் பின்னல், மட்டும் பின்னுங்க, ஓரம் சுருளாது, பர்ல்ங்கற எதிர்ப் பின்னல் அப்புறமா பாத்துக்கலாம். விரல் வலிச்சா அன்னைக்கு நிறுத்திடுங்க.