ஸ்வீட் கார்னுக்கு எரு: எவ்வளவு, எப்போது?

கேள்வி: வீட்டுத் தோட்டத்தில் 10 அடிக்கு 10 அடி இடத்தில் ஸ்வீட் கார்ன் போடப் போகிறேன். சேர்த்து வைத்து 2 மாதமான மாட்டு எரு இருக்கிறது. அப்படியே போட்டுக் கொத்திவிடலாமா? எவ்வளவு போடுவது?

பதில்: எருவுக்கு வயதைக் கணக்குப் பார்த்துப் பயனில்லை. ஈரம் காயாமல் குவித்து, அவ்வப்போது கிளறிவிட்டது 3, 4 மாதத்தில் மக்கிவிடும். வெயிலில் காய்ந்து கிடந்தது வருடம் கழித்தும் வறட்டிதான். ஒரு கட்டியை உடைத்துப் பாருங்கள். உள்ளே பச்சை நிறம் தெரிந்தாலோ, வைக்கோல் வைக்கோலாகவே இருந்தாலோ, நெடி மூக்கில் ஏறினாலோ இன்னும் மக்கவில்லை. சந்தேகம் இருந்தால் இரண்டு கை எருவை லேசாக நனைத்து, பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி, நிழலில் 3 நாள் வையுங்கள். பிரித்ததும் மண்வாசனை வந்தால் போடலாம். நாற்றமடித்தால் திரும்பக் குவியலுக்கே போகட்டும்.

மக்கிய எரு சதுர மீட்டருக்கு 3 முதல் 4 கிலோ, உங்கள் இடத்துக்கு 30, 35 கிலோ போதும். பரப்பினால் அரை அங்குல கனம்கூட வராது. இன்னும் இரண்டு கூடை கொட்டலாமே என்று கை துறுதுறுக்கும். வேண்டாம். வருடா வருடம் அள்ளிக் கொட்டினால் உப்பும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) மண்ணில் தங்கிக்கொண்டே போகும். விதைப்பதற்கு 2, 3 வாரம் முன்னால் பரப்பி, 15 செ.மீ. ஆழம் வரை கொத்திக் கலந்துவிடுங்கள். ஆழமாகப் புதைத்தால் காற்றுப் படாமல் அப்படியே கிடக்கும். கொத்துவதற்கு முன் ஒரு பிடி மண்ணை உருண்டை பிடித்து, இடுப்பு உயரத்திலிருந்து கீழே விடுங்கள். உதிர்ந்தால் கொத்தலாம். சப்பென்று ஒட்டிக்கொண்டால் இரண்டு நாள் பொறுங்கள். ஈரக் களிமண்ணைக் கொத்தினால் காய்ந்ததும் கல் கல்லாக நிற்கும்.

மக்காத எருவைத்தான் போட்டாக வேண்டுமென்றால், கொத்திவிட்டு ஒரு மாதம் நிலத்தைச் சும்மா போட்டு வையுங்கள். பச்சை எருவில் நோய்க்கிருமி இருக்கலாம் என்பதால், போட்டதற்கும் கதிர் ஒடிப்பதற்கும் நடுவில் 90 நாளாவது இருப்பது நல்லது. பயிர் 70 முதல் 90 நாளில் கதிராகும். அந்த ஒரு மாதத்தையும் சேர்த்தால் கணக்குச் சரியாகிவிடும். களை மட்டும் கூடுதலாக முளைக்கும். அதற்குத் தயாராக இருங்கள்.

கேள்வி: கோழி எரு போட்டு 5 நாளில் விதைத்தேன். பாதி முளைக்கவில்லை. முளைத்ததும் இலை நுனி கருகிவிட்டது. விதை மோசமா?

பதில்: விதையைக் குறை சொல்ல முடியாது. மக்காத கோழி எருவிலிருந்து அம்மோனியா கிளம்பும், உப்பும் அதிகம். இரண்டும் இளவேரைக் கருக்கிவிடும். அதிலும் அதிக இனிப்பு ரகங்களின் விதை மாவுச்சத்துக் குறைந்து சுருங்கிப்போய் இருக்கும். முளைக்கும் வேளையில் சின்னத் தொல்லையைக்கூடத் தாங்காது. இதே காரணத்தால் அந்த விதையை இரவு முழுக்க ஊறவைப்பதும் தப்பு.

வடிகால் நன்றாக இருந்தால் இரண்டு மூன்று முறை தண்ணீரை நிறையப் பாய்ச்சி உப்பை இறக்கிவிட்டு, 3, 4 வாரம் காத்திருங்கள். பிறகு அந்த மண்ணையே ஒரு தொட்டியில் நிரப்பி, 10 பச்சைப்பயறு போட்டுப் பாருங்கள். குறைந்தது எட்டு முளைத்து, வேர் வெள்ளையாக நீண்டிருந்தால் மறுபடி விதைக்கலாம். அடுத்த முறை மக்கிய கோழி எரு, சதுர மீட்டருக்கு அரை கிலோவுக்கு மேல் வேண்டாம். வீச்சம் போகட்டுமென்று சிலர் அதில் சுண்ணாம்போ சாம்பலோ கலக்கிறார்கள். வீச்சத்தோடு தழைச்சத்தும் (நைட்ரஜன்) காற்றில் போய்விடும்.

கேள்வி: மக்கிய எரு போதுமான அளவு போட்டும், செடி முழங்கால் உயரம் வந்ததும் அடி இலைகள் மஞ்சளாகின்றன. ஏன்?

பதில்: மஞ்சள் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். இலை நுனியில் தொடங்கி, நடு நரம்பை ஒட்டி அம்புமுனை போல உள்ளே இறங்கினால் தழைச்சத்துப் பற்றாக்குறை. ஓரம் மட்டும் காய்ந்தால் சாம்பல்சத்து (பொட்டாசியம்) போதவில்லை. மக்கிய மாட்டு எருவின் தழைச்சத்தில் சிறு பங்குதான் முதல் பருவத்தில் பயிருக்குக் கிடைக்கும். ஸ்வீட் கார்னோ பெருந்தீனிக்காரப் பயிர். அடியுரத்தோடு விட்டால் ஏமாற்றிவிடும். முழங்கால் உயரத்தில் ஒரு முறையும் ஆண்பூ தலைகாட்டும்போது ஒரு முறையும் மேலுரம் கொடுங்கள். யூரியா என்றால் சதுர மீட்டருக்கு 10 கிராம். ரசாயனம் வேண்டாமென்றால் செடிக்கு இரண்டு கை மண்புழு உரம், கொஞ்சம் மெதுவாக வேலை செய்யும். தண்டிலிருந்து 10 செ.மீ. தள்ளிப் போட்டு, மண் அணைத்துத் தண்ணீர் விடுங்கள். எருவில் மரத்தூள் நிறையக் கலந்திருந்ததா என்றும் யோசித்துப் பாருங்கள். அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் பயிருக்கு முந்திக்கொண்டு தழைச்சத்தை எடுத்துவிடும்.

கேள்வி: செடி நன்றாக வளர்ந்தது, கதிரில்தான் மணிகள் விட்டு விட்டுப் பிடித்திருக்கின்றன. எரு குறைவா?

பதில்: எருவுக்கும் இதற்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை. கதிர் நுனியில் தொங்கும் ஒவ்வொரு பட்டிழைக்கும் மகரந்தம் கிடைத்தால்தான் அந்த இடத்தில் மணி பிடிக்கும். ஒரே நீள வரிசையாக நட்டால் மகரந்தத்தைக் காற்று கொண்டுபோய்விடும். 60 செ.மீ. இடைவெளியில் 4 வரிசையாவது சதுரமாக நடுங்கள். இழை வெளிவந்த நாட்களில் காலையில், பனி காய்ந்ததும், ஆண்பூக்களை உலுக்கிவிடுங்கள்.